பெருகையிலிருந்து திரும்பியவர்

எங்கள் பங்கின் மகளான அருள்சகோதரி ஒருவர் உகாண்டா நாட்டின் சிற்றூர் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறார். அங்குள்ள பள்ளியின் மின் இணைப்புகளைச் சீர்செய்யவும், மருந்தகத்தில் உதவவும், மாணவர்க்கு மேசைகள் செய்து தரவும் ஒரு மாத காலத்திற்கு ஒரு குழுவை அனுப்ப இயலுமா என்று கேட்டு எழுதியிருந்தார். பங்குப் பேரவை மகிழ்ந்து இசைந்தது. எண்மர் செல்வதென முடிவாயிற்று. செவிலியர், தச்சர், தலைமையாசிரியர் எனப் பெயர்கள் தடையின்றி வந்தன. எட்டாவது பெயரை வாசித்தபோது கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவர் மின்பணியாளர், தொழிலில் வல்லவர். ஆனால், சில ஆண்டுகளுக்கு முன் ஒடிசாவின் மலைச் சிற்றூர் ஒன்றுக்கு நாங்கள் இரு வாரப் பணிக்குச் சென்றபோது, நான்காம் நாள் இரவில் எவரிடமும் சொல்லாமல் புறப்பட்டு ஊர் திரும்பிவிட்டவர். மறுநாள் முழுவதும் பேருந்து நிலையத்திலும் தொடர்வண்டி நிலையத்திலும் அவரைத் தேடி அலைந்ததைக் குழுவினர் மறக்கவில்லை.

இதே சிக்கலைத் திருச்சபை தன் தொடக்க காலப் பயணங்களிலேயே சந்தித்தது. அந்தியோக்கியாவில் நோன்பிருந்து வேண்டிய இறைமக்கள், பர்னபா மீதும் சவுல் மீதும் கைகளை வைத்து அனுப்பினார்கள். யோவான் மாற்கு உதவியாளராக உடன் சென்றார். சைப்பிரசைக் கடந்து பம்பிலியாவின் பெருகை நகருக்கு வந்ததும் மாற்கு எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். ஏன் திரும்பினார் என்று லூக்கா எழுதவில்லை. மலைப்பாதையின் அச்சமா, தாயின் நினைவா, தலைமை பர்னபாவிடமிருந்து பவுலிடம் சென்றதால் வந்த மனத்தாங்கலா என்று விரிவுரையாளர் பலவாறு கூறுவர். அடுத்த பயணத்திற்கு ஆயத்தமானபோது, மாற்கையும் அழைத்துச் செல்லலாம் என்றார் பர்னபா. கூடாது என்றார் பவுல். வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்தே போயினர். பர்னபாவும் மாற்கும் உறவினர் என்பதைக் கொலோசையர் திருமுகத்தால் அறிகிறோம். உறவுக்காகப் பரிந்து பேசினார் என்று அன்றும் சிலர் முணுமுணுத்திருக்கக்கூடும். பங்குப் பேரவைகளை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

பவுல் பணியைப் பார்த்தார், பர்னபா மனிதரைப் பார்த்தார் என்று மறையுரைகளில் நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பவுலுக்கு நீதி செய்வதாகாது. லிஸ்திராவில் கல்லெறியுண்டு, இறந்தவர் என எண்ணப்பட்டு நகருக்கு வெளியே இழுத்து எறியப்பட்டவர் அவர். ஆபத்தான வழியில் துணை நிற்பவர் நடுவில் விலகினால் எஞ்சியோர்க்கு என்ன நேரும் என்பதை உடலால் அறிந்தவர். எங்கள் தலைமையாசிரியரும் அவ்வாறே வாதிட்டார். ஒடிசாவிலிருந்து தொடர்வண்டி ஏறி வீடு வந்து சேரலாம். உகாண்டாவில் ஒருவர் காணாமற் போனால் மற்ற எழுவரும் காவல் நிலையத்துக்கும் தூதரகத்துக்கும் அலைவார்களா, பணி செய்வார்களா என்று கேட்டார். இரக்கம் காட்டுவது ஒருவர், அதன் விலையைக் கொடுப்பது வேறொருவர் என்றால் அதை இரக்கம் என்று சொல்லலாமா என்றும் கேட்டார். அக்கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. முத்துக்குளித்துறையில் தம்மோடு உழைத்த மன்சிலாஸ், மொலுக்காஸ் தீவுகளுக்கு வருமாறு பணித்தும் செல்லாதபோது, புனித சவேரியார் அவரை இயேசு சபையிலிருந்து விலக்கினார். லிஸ்பனிலிருந்து ஒன்றாகக் கப்பலேறி வந்த தோழர் அவர். சவேரியாருக்கு இரக்கம் இல்லை என்று யார் சொல்வார்?

வாதம் நீண்டுகொண்டிருந்தபோது செவிலியரான அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்: “அந்தத் தம்பி ஊர் திரும்பிய பிறகு, அவன் வீட்டுக்குப் போய் ஏன் வந்தாய் என்று கேட்டவர் நம்மில் யார்?”

ஒருவரும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக அவர் ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போகிறார். கோவிலில் விளக்கு எரியாதபோது மட்டும் அவரை அழைத்திருக்கிறோம்.

அவ்வாரமே அவர் வீட்டிற்குச் சென்றோம். நெடுநேரம் தயங்கியபின் சொன்னார்: “எனக்கு வேலை இருந்தது, சாமி. பேச ஆள் இல்லை.” ஒடிசாவில் இரவு உணவின்போது கல்லூரி இளைஞர்கள் ஆங்கிலத்திலேயே பேசிச் சிரித்தார்களாம். ஒருமுறை அவரைப் பார்த்தும் சிரித்தார்களாம். என்ன சொன்னார்கள் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. அந்த உணவு மேசையின் தலைமாட்டில் அமர்ந்திருந்தவர் பங்குத் தந்தை. அச்சிரிப்பு நமக்கு நினைவில்கூட இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சொல்லாமல் புறப்பட்டது தவறே. தேடியவர்கள் அன்று பட்ட அச்சத்தை அவருடைய விளக்கம் இல்லாததாக்கிவிடாது. ஆயினும், அவர் குழுவை விட்டுப் போனார் என்று நாங்கள் இதுவரை கூறிவந்ததில் ஒரு பிழை இருந்தது. விட்டுப் போவதற்கு அங்கே அவருக்கு ஒரு குழு இருந்ததா என்பதே ஐயம். 1868இல் ஆப்பிரிக்க மறைபணியாளர் சபையை நிறுவிய பேராயர் லவிஜெரி, எந்த இல்லத்திலும் மூவருக்குக் குறைந்து வாழலாகாது என்று விதித்தார். சிறு வயதுக் குருமட நாள்களில் இதைப் பாதுகாப்புக்கான விதி என்றே கற்றோம். மேசையில் மூவர் அமர்ந்தும் ஒருவர் தனித்திருக்கக் கூடும் என்பதை அப்போது எவரும் கற்றுத் தரவில்லை.

பெயர் பட்டியலில் நின்றது. தலைமையாசிரியர் மனமொப்பி இசைந்தார் என்று சொல்ல இயலாது. ஆயத்தக் கூட்டங்கள் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். சனிக்கிழமை மாலைகளில் எண்மரும் கூடினர். உண்ணும்போது தமிழ் மட்டுமே என்று முதல் நாளே முடிவாயிற்று. வாழைக்காயை அவித்துப் பிசைந்து மத்தோக்கே செய்து பார்த்தார்கள். அதற்கு ஊறுகாய் தொட்டுக்கொள்ளலாமா என்று ஒரு முழு மாலை விவாதம் நடந்தது.

ஒரு சனிக்கிழமை உகாண்டா திருச்சபையின் வரலாற்றைப் படித்தோம். லவிஜெரியின் துறவிகள் 1879இல் அந்நாட்டிற்குள் நுழைந்தனர். 1882ஆம் ஆண்டின் இறுதியில் நிலைமை அஞ்சத்தக்கதாகவே, நாட்டைவிட்டு விக்டோரியா ஏரியின் தென்கரைக்குச் சென்றுவிட்டனர். 1885இல்தான் திரும்பினர். இடைப்பட்ட ஆண்டுகளில் அரண்மனைப் பணியாளரான யோசேப்பு முக்காசா போன்றோர் மறைக்கல்வியைத் தொடர்ந்து நடத்த, அச்சிறு கூட்டம் கரையாமல் வளர்ந்திருந்தது. அதே 1885இன் இறுதியில் முக்காசா கொல்லப்பட்டார். மறு ஆண்டு நமுகோங்கோவில் பலர் எரிக்கப்பட்டனர். 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புனிதர் என அறிவித்த 22 மறைச்சாட்சிகள் இவர்கள்.

படித்து முடித்ததும் தலைமையாசிரியர், “அப்படியானால் அந்தத் துறவிகளும் நடுவில் திரும்பியவர்கள்தாமா?” என்று கேட்டார். அந்தத் திருச்சபைக்கு நம்மிடமிருந்து எதைக் கொண்டுபோகிறோம் என்று அவர் மீண்டும் கேட்டபோது, மேசைகள் என்றார் தச்சர். எல்லாரும் சிரித்தனர். இம்முறை மின்பணியாளரும் சிரித்தார்.

மாற்கின் பெயர் சிறையிலிருந்து பவுல் எழுதிய திருமுகங்களில் மீண்டும் வருகிறது. தமக்குப் பயன்படுவார், அழைத்து வா என்று திமொத்தேயுவிடம் வேண்டுகிறார் முதிய பவுல். இடையில் இருவரும் எங்கே சந்தித்தனர், யார் முதலில் பேசினார் என்பதை நாம் அறியோம். பர்னபா அப்போது உயிரோடு இருந்தாரா என்பதும் தெரியவில்லை.

சென்ற மாதம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக எண்மரும் சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்திற்குச் சென்றனர். ஊசி போட்டுப் பத்து நாள்கள் கடந்த பின்னரே அச்சான்று செல்லத்தக்கதாகும். வரிசையில் நின்றபோது தலைமையாசிரியர் ஒவ்வொருவரின் கடவுச்சீட்டையும் சரிபார்த்து உரியவரிடம் திருப்பித் தந்தார். மின்பணியாளருடையதை மட்டும் தம் பைக்குள் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் கவனித்தும் எதுவும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து, முறை வந்தபோது, அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, “நீங்கள் முன்னால் போங்கள், தம்பி” என்றார்.