கணக்கு யாருக்கு வரும்?

நம்ம ஊர்ப் பேச்சில் கணக்கு ஒரு விருந்தாளி மாதிரி. சிலருக்கு வரும், சிலருக்கு வராது. ‘எனக்குக் கணக்கு வராதுப்பா’ என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்பதில்லை. பத்தாம் வகுப்பில் ஒட்டிய அந்த முத்திரை ஆயுசுக்கும் கூடவே வரும். இதற்கு இப்போது சொல்லப்படும் மருந்து, கணக்கை ஜாலியாக்குங்கள் என்பது. ஆக்கலாம். ஆனால் எதற்காக?

ஆவடியிலிருந்து முத்தாபுதுப்பேட்டை வரும் வழியில் ஏதாவது ஒரு நம்பர் பிளேட்டைப் பாருங்கள். 3524 என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களைப் பெரிதிலிருந்து அடுக்கினால் 5432, சிறிதிலிருந்து அடுக்கினால் 2345. கழித்தால் 3087. அதையும் அதே மாதிரி செய்தால், 8730-இல் 0378 போக 8352. மறுபடியும், 8532-இல் 2358 போக 6174. அதற்கப்புறம் எத்தனை தடவை கழித்தாலும் 6174-தான். எந்த நான்கு இலக்க எண்ணும் (விடை சிறுத்தால் முன்னால் பூஜ்யம் போட்டுக்கொள்ளணும்) ஏழு கழித்தலுக்குள் இங்கே வந்து நின்றுவிடும். நான்கும் ஒரே இலக்கமாக இருந்தால் மட்டும் நடக்காது. கூடுதல் காசு கட்டி வாங்குகிற ஃபேன்ஸி நம்பர் 9999 முதல் அடியிலேயே பூஜ்யம்!

இதைக் கண்டுபிடித்தவர் டி.ஆர். காப்ரேகர். நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியார். 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் இதை அறிவித்தார். அன்றைய கணித அறிஞர்கள் பலர் அவருடைய எண்களை அற்ப விளையாட்டு என்று ஒதுக்கினார்கள். 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய பிறகு வெளியுலகம் அவரைக் கவனித்தது.

ஒதுக்கியவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. 6174 நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் வருவது. எட்டெட்டாக எண்ணும் உலகத்தில் இந்த எண் கிடையாது. வேடிக்கை காட்டிவிட்டு அதோடு விட்டால் அது மோடி வித்தைதான். பார்ப்பவர் கைதட்டுவார். வித்தைக்காரருக்குக் கீழே ஒரு படியில் உட்கார்ந்தபடியே கைதட்டுவார்.

அந்தப் படியை எடுத்துவிடுவது ‘ஏன்?’ என்ற கேள்விதான். மேலே வந்த விடைகள் எல்லாமே ஒன்பதால் வகுபடும். ஏன்? பத்து ரூபாயை ஒன்பது பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஒரு ரூபாய் மீதி. நூறு ரூபாயிலும் ஒன்று, ஆயிரத்திலும் ஒன்று. ஆக 3524-இல் மிச்சம் விழுவது 3+5+2+4 ரூபாய். இலக்கங்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது. இரண்டு எண்ணிலும் மிச்சம் ஒன்றே என்பதால் கழிக்கும்போது அது அடிபட்டுப் போகிறது. ஒன்பதின் மடங்கு மட்டும் நிற்கிறது.

இதைப் புரிந்துகொள்ள மேதையாக இருக்கத் தேவையில்லை, சில்லறை மாற்றத் தெரிந்தால் போதும். இப்போது நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை, நீங்களே சரிபார்க்கலாம். வாத்தியார் சொன்னாலும் அமைச்சர் சொன்னாலும் சரியில்லாதது சரியாகாது என்று ஒரு குழந்தை நிமிர்ந்து சொல்லக்கூடிய இடம் நம் பள்ளிகளில் அதிகம் இல்லை. கணக்கு வகுப்பு அப்படி ஓர் இடம். ‘உனக்கு வராது’ என்று சொல்லும்போது அந்த இடத்தைத்தான் பறிக்கிறோம். மார்க் போனதுகூடப் பெரிசில்லை.

அதனால் ஜாலி என்பது கசப்பு மாத்திரைக்குப் பூசும் சர்க்கரையாக இருக்கக் கூடாது. கஷ்டம் இருக்கும், இருக்கட்டும். ‘ஏன்’ என்று கேட்கும் ஆசை முதலில் வரட்டும்.

இரண்டு இலக்க எண்ணில் இதையே செய்து பாருங்கள். எந்த எண்ணிலும் நிற்காமல் சுற்றிச் சுற்றி வரும். ஏன்?