திறந்திருக்கும் அங்காடியும் திருத்துவோர் கடமையும்

பயன்பாட்டில் உள்ள ஒன்றை, அப்பயன்பாட்டை நிறுத்தாமலே திருத்தியமைப்பது முறையாகுமா? பொறியியலாளரின் வினாவாகத் தோன்றும் இது உண்மையில் ஓர் ஒழுக்கவியல் வினாவாகும். பேரங்காடி ஒன்றைப் புதுக்கும் வேலையை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அங்காடியைச் சில வாரங்கள் மூடிவிட்டுப் புதுக்குவது தொழிலாளருக்கு எளிது. ஆயினும் மூடிய நாள்களில் வருவாய் இல்லை. வேறிடம் நாடிப் பழகிய வாடிக்கையாளர் மீண்டும் வருவர் என்ற உறுதியும் இல்லை. எனவே வேலை இரவில் நடைபெறுகின்றது. ஒரு பகுதி பலகைகளால் மறைக்கப்பட, அங்கிருந்த பண்டங்கள் மற்றொரு பகுதிக்குப் பெயர்கின்றன. குளிர்பெட்டிகள் ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன. விடியுமுன் தூசு துடைக்கப்பட்டுக் கதவு திறக்கப்படுகின்றது. இதனால் நன்மை பெறுபவர் உரிமையாளர் மட்டுமல்லர். நாட்கூலி பெறும் ஊழியருக்கும், தொலைவு நடக்கவியலாத முதியவருக்கும் திறந்த கதவு பேருதவியாகும். ஆகவே திறந்துவைத்தல் தன்னளவிற் குற்றமாகாது.

மெய்யியலிலும் இதற்கு நிகரானதோர் உவமை உண்டு. வியன்னா வட்டத்தைச் சேர்ந்த ஒட்டோ நோய்ராத் (1882–1945) மனித அறிவை நடுக்கடலிற் செல்லும் கப்பலுக்கு ஒப்பிட்டார். அதனைத் துறைக்குக் கொணர்ந்து பிரித்துக் கட்ட வழியில்லை. மாலுமிகள் மிதந்தவாறே அதனைத் திருத்துதல் வேண்டும். சட்டம், கல்வி, மொழி யாவும் இத்தகையனவே. பாடத்திட்டம் திருந்தும்வரை ஒரு தலைமுறையைப் பள்ளிக்கு வெளியே நிறுத்திவைத்தல் இயலுமா?

எனினும் இவ்வுவமையில் நிபந்தனையொன்று மறைந்துள்ளது. நோய்ராத்தின் கப்பலில் திருத்துவோரும் பயணஞ் செய்வோரும் ஒருவரே. எப்பலகை கழற்றப்பட்டது என்பதை அவர்கள் அறிவர். நீர் புகுந்தால் மூழ்குவோரும் அவர்களே. அங்காடியிலோ முடிவெடுப்பவர் ஒருவர். கூரையின் கீழ் நடப்பவர் வேறொருவர்.

இவ்வேறுபாடு எத்துணைக் கொடிதாகலாம் என்பதைத் தென்கொரியத் தலைநகர் சியோலில் நிகழ்ந்த அனர்த்தம் காட்டும். அங்கு சம்பூங் பல்பொருள் அங்காடியின் திட்டம் கட்டும்போதே மாற்றப்பட்டது. நகரும் படிகளுக்கு இடமளிக்கத் தூண்கள் குறைக்கப்பட்டன. ஐந்தாம் மாடி மேலதிகமாக ஏற்றப்பட்டது. கூரையிலிருந்த பாரிய வளிச்சீராக்கிகள் 1993 இல் இழுத்து இடம்மாற்றப்பட்டன. 1995 யூன் 29 ஆம் நாள் மேல்மாடியில் வெடிப்புகள் பெருகின. அம்மாடி மூடப்பட்டது, நிருவாகிகள் கூடி ஆராய்ந்தனர், கீழ்மாடிகளிலோ வணிகம் தொடர்ந்தது. மாலையிற் கட்டடம் இடிந்து 502 பேர் மாண்டனர். மேலிருந்தோர் அறிந்திருந்ததைக் கீழிருந்தோர் அறியவில்லை.

இதற்கு நேர்மாறான நெறியை எமது ஆலய மரபிற் காணலாம். திருப்பணிக்கு முன் பாலஸ்தாபனம் செய்யப்படுகின்றது. மூர்த்தியின் சாந்நித்தியம் தற்காலிக இடமொன்றுக்கு மாற்றப்பட்டு, கும்பாபிஷேகம் வரை வழிபாடு அங்கு நிகழும். வழிபாடு நிற்பதுமில்லை, வேலை நடைபெறும் கருவறை வழமைபோல் உள்ளதென்ற பாவனையுமில்லை. மாற்றிடம் அமைந்த பின்னரே பழைய இடத்தில் உளி படும்.

அவ்வாறாயின் உண்மையை அறிவித்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. வேறு கடை இல்லாதவர் ஆபத்தை அறிந்தும் வருவார். அவரது வருகையைச் சம்மதமெனக் கொள்ளலாகாது. இங்கு இடையூற்றையும் ஆபத்தையும் வேறுபடுத்தல் அவசியமாகும். தூசு, இரைச்சல், தேடியலையும் சிரமம் என்பவற்றை அறிவித்து, யாவரும் சிறிது சிறிதாகப் பகிர்ந்து ஏற்கலாம். உயிராபத்தை அவ்வாறு பகிர்தல் ஆகாது. அது தோன்றிய கணமே கதவை மூடுதல் கடமையாகும்.

சீர்திருத்தம் செய்ய முற்படும் எவர்க்கும் இவ்விதி பொருந்தும். தாமும் தம் மக்களும் நாள்முழுதும் நிற்கத் துணியாத கூரையின் கீழ்ப் பிறரை அழைக்கும் உரிமை எவர்க்கும் இல்லை.