தாழ், தாழ்த்து

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்தின் பாடல் எது என்று மாணவிகள் கேட்டால், லூக்கா நற்செய்தியில் கர்ப்பிணி மரியாள் பாடுகிற பாட்டைத்தான் சொல்வேன். வலியவர்களை அரியணையிலிருந்து இறக்கி, பசித்தவர்களை நிரப்பி, செல்வரை வெறுங்கையோடு அனுப்புகிற கடவுளை அவள் பாடுகிறாள். இவ்வளவு கலகமான பாட்டு எப்படி அடக்கமான பெண்ணின் பாட்டாயிற்று?

நம் பழைய தமிழ் வேதாகமத்தில் கடவுள் பார்ப்பது அவளுடைய ‘தாழ்மை’யை. தாழ்மை நமக்கு ஒரு குணம். பெண்பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லி வளர்ப்பது. கிரேக்கத்தில் உள்ள ‘தபெய்னோசிஸ்’ குணமல்ல, நிலை. பிள்ளையில்லாமல் ஏச்சு வாங்கிய அன்னாளின் துயரத்துக்குக் கிரேக்கப் பழைய ஏற்பாடு இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. தீனாளும் தாமாரும் வன்புணரப்பட்டதைச் சொல்லும் வினையும் இதே வேரிலிருந்து வருவது. லூத்தர்கூட 1521இல் எழுதிய விளக்கத்தில், இது பணிவு என்ற அறம் அல்ல, மதிப்பற்ற நிலை என்று வாதிட்டார்.

பாக் 1723இல் இயற்றி, 1733 வாக்கில் திருத்திய ‘மாக்னிஃபிகாட்’டில் அந்த வரியில் பாடகர் குழு ஒதுங்கி நிற்கிறது. தனியே ஒரு உச்சக்குரல், துணைக்கு ஓபோ தமோரே. இரண்டும் தலைகுனிந்து இறங்குகின்றன. கேட்கும்போதெல்லாம் உருகுகிறேன், உருகவைப்பது பணிவுதான் என்று தெரிந்தே. எல்லாத் தலைமுறைகளும் தன்னைப் பேறுபெற்றவள் என்னும் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் முழுக் குழுவும் பாய்ந்து அந்த வாக்கியத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. லைப்சிக் ஆலயக் குழுவில் பெண்களுக்கு இடமில்லாததால் மரியாளாகப் பாடியதும் ஆண்குரல். 1903இல்கூடப் போப் பத்தாம் பயஸ், ஆலயப் பாடகர் குழுவில் பெண்கள் கூடாது, உச்சக்குரலுக்குச் சிறுவர்களை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

செங்கல்பட்டில் இருந்துகொண்டு தாழ்மையையும் தாழ்த்தப்படுவதையும் ஒன்றாக்க முடியாது. இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையை ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதினார். மறு ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்தது. கைவிட்டுப்போன அந்த நிலத்தைக் கேட்டு மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். இந்த மண்ணின் பெண்ணிடம் தாழ்மை உனக்கு அணிகலன் என்று டிசம்பரில் பிரசங்கிப்பது அறப்பிழை. இலக்கண வகுப்பில் சொல்வதுதான்: தாழ் தன்வினை, தாழ்த்து பிறவினை. பிறவினையைத் தன்வினையாக்கிவிட்டால் தாழ்த்தியவன் வாக்கியத்திலிருந்தே நழுவிவிடுகிறான். பட்டதெல்லாம் அவளுடைய நற்குணமாகிவிடுகிறது.

அப்படியானால் பணிவே வேண்டாமா என்று தோழி கேட்டாள். நிமிர முடிந்தவர் குனிந்தால் அது பணிவு. நிமிரவே விடாமல் வைத்திருந்தவளை அந்தப் பெயரால் பாராட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இந்தப் பாட்டுக்குத் தமிழில் புதிதாக மெட்டமைப்பவர்கள் அந்த வரியில் குரலைக் கீழே இறக்காமல் இருந்தால் நன்று. அடுத்த வாக்கியத்தை அவளே பாடி முடிக்கட்டும், குழு காத்திருக்கலாம்.