கெடுநாள் கடந்தது யார் குற்றம்?



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் விக்ரோலி பார்க்சைட் மேட்டுக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் தன் அன்னையாருடன் நம்மிடம் வந்தாள். செவிலியர் பட்டப்படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் கல்விக்கடன் கோரி அளித்த மனு மறுக்கப்பட்டுவிட்டது. மறுப்புக் கடிதத்தை நம் கையில் கொடுத்து அன்னையார் கண்ணீர் உகுத்தார். நாம் முதற்பக்கத்தை மட்டும் நோக்கிவிட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பற்றே துன்பத்தின் வேர் என்றும், கிட்டாததை எண்ணி மனம் புண்படலாகாது என்றும் அரைமணி நேரம் அறவுரை பகர்ந்தோம். இருவரும் வணங்கிச் சென்றனர்.

ஒன்றரைத் திங்கள் சென்றபின் வேறோர் அன்பர் அக்கடிதத்தை முழுதும் படித்தார். தந்தையின் வருமானச் சான்று காலங்கடந்தது என்பதே மறுப்பின் காரணம். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று இரண்டாம் பக்கத்தின் அடியில் சிற்றெழுத்தில் கண்டிருந்தது. புதிய சான்று ஒன்றை இணைத்திருந்தால் போதும். ஆனால் கெடுநாள் கடந்துவிட்டது.

இது யார் குற்றம்?

“விதி விதியே, நாளைத் தவறவிட்டவரே அதன் பயனை அனுபவிக்க வேண்டும்” என்பார் உளர். அக்கூற்றை நாம் எளிதில் தள்ளிவிட மாட்டோம். நாம் பம்பாய் ஆலையில் பதலித் தொழிலாளியாக இருந்தபோது, காலைச் சங்கு ஊதுமுன் வாயிலில் நின்றவனுக்கே அன்று வேலை கிடைத்தது. பிந்தி வந்தவன் வெறுங்கையுடன் திரும்பினான். அதனை அநீதி என்று நாம் சொன்னதில்லை. ஏனெனில் சங்கின் ஒலி எல்லார் செவியிலும் விழுந்தது. அறியாத மொழியில், இரண்டாம் பக்கத்தின் அடியில் கிடக்கும் கெடுநாளோ ஊதாத சங்கு. ஊதாத சங்குக்கு ஓடி வரவில்லை என்று ஒருவரைத் தண்டிப்பது அறமாகுமா?

நிற்க. இதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. அப்பெண் சோம்பியிருந்தவள் அல்லள். மறுப்பை அவள் உண்மையென்று நம்பிவிட்டாள். தலைமுறை தலைமுறையாக “இல்லை” என்ற சொல்லையே கேட்டுப் பழகிய குடியில், அச்சொல் மீண்டும் வருங்கால் அதனை எதிர்த்து வினவலாம் என்ற எண்ணமே எழுவதில்லை. அலுவலகம் மறுப்பு என்னும் முத்திரையை ஒருமுறை குத்திற்று. நம் அறவுரை அதன்மேல் மறுமுறை குத்திற்று.

பகவன் புத்தர் வேட்கையை விடுக என்றார். ஆனால் நோயாளிக்குப் பணிசெய்யக் கற்க வேண்டும் என்ற விருப்பம் வேட்கையாகாது, அது நல்லூக்கம். அப்பமாதம் எனப்படும் விழிப்புடைமையையும் அவரே வற்புறுத்தினார். எண்ணமே வினை என்பது அவர் நெறி. அவ்வாறாயின் அப்பெண்ணின் எண்ணத்தில் குற்றமில்லை. விழிப்பின்றிப் பேசியது நாமே.

டாக்டர் அம்பேத்கர் வாழ்விலும் கடனும் கெடுவும் வந்தன. பரோடா உதவித்தொகையின் காலம் முடிந்தமையால் 1917இல் லண்டன் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்பினார். நான்கு ஆண்டுகளுக்குள் மீண்டும் வந்து தொடரலாம் என்பது அவர் பெற்ற இசைவு. அவர் அதனை மறந்தாரல்லர். பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் கற்பித்துச் சேர்த்த பணமும், கோலாப்பூர் சாகு மகாராசரின் உதவியும், நண்பர் நவல் பதேனா அளித்த 5,000 ரூபாய்க் கடனும் கொண்டு 1920இல் லண்டன் மீண்டார். அவருக்கு விழிப்பு இருந்தது; தோள்கொடுக்க நண்பரும் இருந்தனர். இரண்டும் கூடியபோதே கெடு வெல்லப்பட்டது.

நீதிமன்றங்களுக்கு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் ஐந்தாம் பிரிவில் ஒரு வாயில் வைத்திருக்கிறது. போதிய காரணம் காட்டினால் பிந்தி வந்த மேல்முறையீட்டையும் ஏற்கலாம். 1987இல் காஷ்மீர் அரசுத் தரப்பே நான்கு நாள் பிந்தி வந்தபோது உச்சநீதிமன்றம் அதனைப் பொறுத்துக்கொண்டது. நம் விக்ரோலிக்கு அண்மையிலுள்ள பவாய் ஐ.ஐ.டி.யில் இடம்பெற்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர் ஒருவர், கணினிவழிக் கோளாற்றால் கட்டணத்தைக் காலத்தில் செலுத்த இயலாது இடத்தை இழந்தார். உயர்நீதிமன்றம் கைவிட்டும் அவர் அயர்ந்திலர். 2021 நவம்பர் 22ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவருக்கு இடமளிக்க ஆணையிட்டது. எல்லா அலுவலகங்களையும் அச்சட்டம் கட்டுப்படுத்தாது என்பது மெய். ஆயினும் காரணத்தைக் கேளாமல் கதவடைக்கலாகாது என்னும் அறம் எல்லாருக்கும் பொது. நான்கு நாள் பிந்திய அரசுக்குப் பொறுமை உண்டெனில், பதினைந்து நாள் பிந்திய ஏழைப் பெண்ணுக்கும் ஒரு செவி வேண்டும்.

நாம் செய்தது யாதெனின், அப்பெண் எழுதிய தாமத மனுவுடன் நமது கடிதம் ஒன்றையும் இணைத்தோம். பிழை நம்முடையது என்று எழுதிக் கையொப்பமிட்டோம். மனு ஏற்கப்படவில்லை. அவ்வாண்டு இடம் போயிற்று. இவ்வாண்டு அவள் மீண்டும் விண்ணப்பித்திருக்கிறாள். புதிய சான்றை முதலிலேயே பெற்றுவிட்டாள். இழந்த ஓராண்டை நாம் திருப்பித்தர இயலாது.

ஆதலின் அன்பர்களே, உங்கள் தெருவில் எவர் வீட்டுக்கேனும் மறுப்புக் கடிதம் வந்தால், ஆறுதல் கூறுமுன் அதன் கடைசி வரிவரை படியுங்கள். நாளைக் குறித்துச் சுவரில் ஒட்டுங்கள். நாள் கடந்திருப்பினும் காரணத்தை மறையாது எழுதச் செய்யுங்கள். நாம் இப்போது அறவுரைக்கு அமருமுன் கண்ணாடியை எடுத்து அணிந்துகொள்கிறோம்.