சும்மாடும் தலைப்பாகையும்



ராமநாதபுரம், ராமேஸ்வரம் கரையிலிருந்து குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. கடல் தொழில் கைகொடுக்காமல் போகும். மழை பொய்த்து, வானம் பார்த்த நிலம் தரிசாகும். மகனுக்குத் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை கிடைத்திருக்கும். காரணம் எதுவானாலும் கடைசியில் ஒரு நாள் விடியுமுன் வாசலில் லாரி வந்து நிற்கிறது. சென்னைக்கு என்றால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும்.

1988 வரை ராமேஸ்வரம் தீவுக்குள் லாரி ஓடி வர வழி கிடையாது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம்தான் வழி. வீட்டுச் சாமானை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ரயிலில் ஏற்ற வேண்டும், போகிற ஊரில் மறுபடி இறக்கி வண்டி பிடிக்க வேண்டும். 1988 அக்டோபர் 2 அன்று சாலைப் பாலம் திறந்த பிறகுதான் இந்த வாசலில் ஏற்றி அந்த வாசலில் இறக்குகிற வசதி வந்தது.

ஏற்றுவதில் ஒரு முறை இருக்கிறது. பீரோ, அரிசி டிரம், அம்மி, ஆட்டுக்கல் போன்ற கனமானவை டிரைவர் இருக்கும் பக்கத்தை ஒட்டி அடியில் போக வேண்டும். பிரிட்ஜை நிறுத்தித்தான் கட்ட வேண்டும், படுக்க வைத்தால் கெட்டுப்போகும். பித்தளைப் பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றி அண்டாவுக்குள் அடுக்கலாம். கண்ணாடிச் சாமானை இரண்டு மெத்தைக்கு நடுவில் செருகினால் உடையாது. காஸ் சிலிண்டரை ஏற்றவே கூடாது, முன்கூட்டியே ஏஜென்சியில் ஒப்படைத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே தார்ப்பாய் போட்டுக் கயிற்றை இறுக்கவில்லை என்றால் பாம்பன் பாலத்துக் காற்று பாதிச் சாமானைக் கடலுக்குக் கொடுத்துவிடும்.

அன்புக்கொடி மக்கள் வீட்டில் சில பொருட்கள் மட்டும் லாரியில் ஏறுவதில்லை. திருவிளக்கு, கண்ணாடி, அகிலத்திரட்டுத் திருஏடு ஆகியவற்றைத் துவைத்த காவித் துணியில் சுற்றி, வீட்டுப் பெரியவர் தம் மடியிலேயே வைத்துக்கொண்டு போவார். மற்றச் சாமானோடு சாமானாக அவற்றைப் போட யாருக்கும் மனம் வருவதில்லை. அது சரிதான்.

அதே வாசலில், அதே நேரத்தில், இன்னொரு துணி மடிக்கப்படுகிறது. ஏற்றுக்கூலிக்கு வந்தவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, உதறி, முறுக்கி, வட்டமாகச் சுருட்டித் தலையில் வைக்கிறார். அது சும்மாடு. அதன் மேல் அரிசி மூட்டை ஏறுகிறது, டிரங்குப் பெட்டி ஏறுகிறது, அம்மி ஏறுகிறது. மடியில் இருக்கும் காவித் துணியைப் பார்க்கிற கண், இந்தச் சும்மாட்டைப் பார்க்கிறதா?

அய்யா வைகுண்டர் 1833ஆம் ஆண்டு மாசி 20இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து அவதாரமாக எழுந்து வந்த காலத்தில், தென்திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட மக்களின் தலைக்கு ஒரே ஒரு வேலைதான் விதிக்கப்பட்டிருந்தது. சுமப்பது. அதற்கு ஊழியம் என்று பெயர். அரசாங்கத்துக்கு வேண்டியதைக் கூலியில்லாமல் சுமந்து கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆள் அனுப்பிக் கூப்பிட்டால் சொந்த வேலையைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். பனையேறினாலும் வரி, தலைக்கும் வரி. தலையில் துணி ஏறலாம், ஆனால் சும்மாடாக மட்டும் ஏறலாம்.

அந்தத் துணியைத்தான் அய்யா தலைப்பாகையாகக் கட்டச் சொன்னார். பதிக்கும் நிழல் தாங்கலுக்கும் போகிற ஆண்கள் இன்றும் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போகிறார்கள். பழகிப்போன காரியம் என்பதால் அதன் பெருமை பல நேரம் மறந்துபோகிறது. துணி மாறவில்லை. அதே நாலு முழம். சுருட்டி வைத்தால் சுமைக்கு அடியில் கிடக்கிறது, விரித்துக் கட்டினால் முடியாகிறது. சுமப்பதற்கென்றே படைக்கப்பட்ட தலை என்று எந்தத் தலையும் கிடையாது என்பதை அய்யா ஒரு துண்டைக் கொண்டு காட்டினார்.

அப்படியானால் இன்று கூலி வாங்கிக்கொண்டு சுமக்கிறவர் விஷயம் என்ன? இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். "ஊழியம் வேறு, இது வேறு. அங்கே கூலி இல்லை, இங்கே பேசிய கூலி இருக்கிறது. வந்தார், ஏற்றினார், வாங்கினார், போனார். அதற்கு மேல் என்ன கடன்?" இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. உழைப்புக்குக் கூலி வாங்குவது இழிவல்ல, கொடுப்பதோடு கணக்குத் தீர்ந்தது என்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கூலியே இல்லாத காலத்தை நினைத்தால் பேசி வாங்கும் கூலி எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரியும்.

ஆனால் அந்தப் பேச்சு நேர்மையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போனில் கூலி பேசும்போது, "சாமான் கொஞ்சம்தான் தம்பி, ரெண்டு மணி நேர வேலை" என்று சொல்லப்படுகிறது. ஆள் வந்து பார்த்தால் மாடியில் இரும்பு பீரோ இருக்கும். பின்கட்டில் ஆட்டுக்கல், மரக் கட்டில், தையல் மிஷின், நாலு மூட்டைப் பாத்திரம் எல்லாம் இருக்கும். லாரி வந்து நிற்கிறது, டிரைவர் அவசரப்படுத்துகிறார், கூப்பிட்ட நாலு பேரில் இரண்டு பேர்தான் வந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர் கூடுதலாகக் கேட்டால் அடாவடி என்கிறார்கள். கேட்காமல் சுமந்தால் நல்ல மனுஷன் என்கிறார்கள். மறைத்துச் சொன்ன அந்த இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட சுமை முழுவதும் கூலியில்லாத சுமைதான். அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம், பழைய பெயர் ஊழியம். (ஒத்துக்கொண்ட கூலியைப் பாதி ஏற்றியதும் மாற்றிப் பேசுகிறவர்களும் உண்டு. அதுவும் பொய்தான். ஆனாலும் முதல் பொய் பெரும்பாலும் வீட்டுக்காரர் வாயிலிருந்துதான் வருகிறது.)

இரண்டாவது விஷயம் இன்னும் நுட்பமானது. எந்த வீட்டைக் காலி செய்தாலும் லாரியில் இடம் பற்றாமல் கொஞ்சம் மிஞ்சும். கால் ஆடும் கட்டில், உப்புக் காற்றில் துருவேறிய பீரோ, ஓடாத மின்விசிறி, ஓட்டை அண்டா. அப்போது வீட்டம்மா சொல்வார்: "இதை நீங்களே எடுத்துக்குங்க அண்ணே. தர்மமாப் போகட்டும்." நல்ல மனசோடுதான் சொல்கிறார். சில வீடுகளில் அதைச் சொல்லிக் கூலியில் நூறு ரூபாய் குறைப்பதும் நடக்கிறது. அதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. குறைக்காமல் கொடுத்தாலும்கூட, ஏற்ற இடமில்லாததைக் கொடுப்பது தர்மமா என்ற கேள்வி நிற்கிறது.

கொடுத்தவருக்கு ஒரு சுமை இறங்கியது. வாங்கியவர் நாள் முழுக்கச் சுமந்த அதே தலையில் அதையும் வைத்து வீடு வரைக்கும் நடக்க வேண்டும், அல்லது ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வேண்டும். அவருக்குப் பயன்படும் என்றால் சந்தோஷம், கொடுக்கலாம். "உங்களுக்கு இது உதவுமா?" என்று முதலில் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். உதவாது என்று அவர் சொன்னால் முகம் சுளிக்காமல் இருக்கலாம். ஆனால் அதைத் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. தாங்கலில் அன்னதர்மம் நடக்கிறபோது மிஞ்சியதை யாரும் கொண்டுவந்து போடுவதில்லை. அதற்கென்றே அரிசி அளந்து, அதற்கென்றே அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள். எல்லாரும் சமமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கையில் இருப்பதில் நல்லதைத் தாழ்ந்து கிடப்பவர் கைக்குச் சேர்ப்பதை அல்லவா அய்யா தர்மம் என்றார்.

இந்தக் கரை வெகு காலமாகச் சுமை ஏறி இறங்கிய கரை. இங்கிருந்துதான் நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பஞ்சத்துக்குத் தப்பிய குடும்பங்கள் படகேறி மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே இலங்கை மலைநாட்டுக்கு நடந்தன. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. வழியிலேயே நோயில் விழுந்தவர்கள் ஏராளம். போய்ச் சேர்ந்தவர்கள் தேயிலைக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டினார்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதையே மாட்டினார்கள்.

பிறகு 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மலைநாட்டில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். 1974இல் பேசி, ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். லாரியில் இடம் பார்த்து, இது இந்த வண்டிக்கு, அது அடுத்த வண்டிக்கு என்று சாமான் பிரிப்பதைப் போல மனிதர்களைப் பிரித்தார்கள். சுமந்து சுமந்து வாழ்ந்தவர்களையே இரண்டு நாடுகளும் சுமையாக எண்ணின.

அப்படி வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ஒரு வீடு முழுவதும் சில பெட்டிகளிலும் படுக்கைச் சுருட்டுகளிலும் அடங்கியிருந்தது. மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து சிலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், சிலர் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களுக்கும், சிலர் தெரிந்த ஊர் தெரியாத ஊர் எல்லாவற்றுக்கும் போனார்கள். சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்தவர்களை ஊர் சிலோன்காரர் என்று அழைத்தது. அவர்களிடம் கேட்டுப் பார்த்தால் தெரியும், பெட்டி தொலைந்ததைவிட, தங்களையே ஒரு பெட்டியாக நினைத்து இழுத்துப் போட்டதுதான் அவர்கள் நெஞ்சில் நிற்கிறது. மனிதனைச் சுமையாகப் பார்ப்பதும், சுமக்கிற உருவமாக மட்டும் பார்ப்பதும் ஒரே குருட்டுத்தனத்தின் இரண்டு பக்கங்கள்.

இதற்கு நேர்மாறாக அய்யாவின் காலத்திலேயே ஒரு குடிபெயர்ச்சி நடந்தது. 700 குடும்பங்கள் வீடு வாசலை விட்டுக் கடற்கரையில் வாகைப்பதிக்குப் போய்த் துவையல் தவசு இருந்தன. தினம் மூன்று வேளை கடலில் குளித்து, உடுத்தியதைத் துவைத்து, ஒரு வேளை பச்சரிசியும் சிறுபயறும் பொங்கிச் சாப்பிட்டு வாழ்ந்தன. அவர்கள் கொண்டுபோன சாமான் எவ்வளவு இருந்திருக்கும்! அதைச் சுமக்க வேறொருவரைக் கூப்பிட வேண்டிய தேவையே இருந்திருக்காது. இன்றைய குடும்பம் அப்படிப் போக முடியாது, போகச் சொல்வதும் நியாயமில்லை. பிள்ளை படிக்க மேசை வேண்டும், முதியவருக்குக் கட்டில் வேண்டும். ஆகவே சுமை இருக்கும், சுமக்க ஆள் வேண்டும். இருக்கிற சுமையை உள்ளபடி சொல்லிக் கூலி பேசுவதும், அம்மியைத் தூக்கும்போது வீட்டு இளவட்டங்கள் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஒரு கை கொடுப்பதும் முடியாத காரியங்கள் அல்ல. வேலை முடிந்ததும் வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்து, வீட்டார் சாப்பிடும் அதே இலையில் சோறு போடலாம். வாசற்படியில் நிற்க வைத்துத் தண்ணீர் கொடுப்பது பழைய ஊர் வழக்கம், அய்யாவின் வழக்கம் அல்ல.

இந்த ஊரில் ஏற்றுகிறவர் தெரிந்த முகம். அவர் அப்பாவைத் தெரியும், அவர் மனைவி தாங்கலுக்கு வருகிறவராகக்கூட இருக்கலாம். போகிற ஊரில் இறக்குகிறவரை யாருக்கும் தெரியாது. லாரி போய்ச் சேரும்போது நடுப்பகல் ஆகிவிடும், அல்லது நடுராத்திரி ஆகிவிடும். களைப்பில் எல்லாரும் எரிந்து விழும் நேரம் அது. அதனால் விவரம் தெரிந்த பெண்கள் குடிதண்ணீர்க் குடம், மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு பாத்திரம், தேயிலை, சர்க்கரை, நாலு டம்ளர் ஆகியவற்றை ஒரே பெட்டியில் போட்டு, எல்லாம் ஏறிய பிறகு கடைசியாகப் பின்கதவை ஒட்டி வைக்கச் சொல்வார்கள். கடைசியில் ஏறியது முதலில் இறங்கும். அந்த ஊரில் பீரோவுக்குத் துண்டைச் சுருட்டித் தலையில் வைக்கப் போகிறவருக்கு, அதற்கு முன் ஒரு டம்ளர் டீ தயாராகிவிடும்.