பால் பத்தலையா?

பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள் இதைச் சாதாரணமாகத்தான் கேட்கிறார்கள். பூண்டு, பால்சுறா என்று வைத்தியத்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். குழந்தை அழுதால் அம்மாவிடம்தான் ஏதோ குறை என்பது கேள்விக்குள்ளேயே முடிவாகியிருக்கிறது.

என் மகனுக்கு நாக்கின் அடியில் இருக்கும் சவ்வு குட்டை. டங்-டை என்பார்கள். நூறு குழந்தைகளில் நாலு முதல் பத்து பேருக்கு இருக்கலாம் என்கிறார்கள்; பலருக்கு ஒரு தொந்தரவும் தராது. இவனுக்குத் தந்தது. பால் குடிக்க நாக்கு கீழ் ஈறைத் தாண்டி நீண்டு மார்பை ஏந்திப் பிடிக்க வேண்டும். அது தாழும்போது வாய்க்குள் வெற்றிடம் உண்டாகிப் பால் வரும். நீளாத நாக்கின் பிடி காம்புக்கு நழுவிவிடும். ஈறு கடிக்கும், காம்பு வெடிக்கும். ஒரு மணி நேரம் சப்பியும் பசி அடங்காது. கொடுமை இதற்கு அப்புறம்தான். குடிக்காத பால் தேங்கத் தேங்க, தேவை இல்லை போல என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். முதல் வாரம் பொய்யாக இருந்த 'பத்தலை' மூன்றாவது வாரம் உண்மையாகிவிடும்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். தனித்தனியாக ஒழுங்காக ஓடும் இரண்டு புரோகிராம்கள் சேர்ந்ததும் படுத்துக்கொள்வது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். அதில் ஒன்றைப் பார்த்து, "உனக்குப் பாசமே இல்ல"ன்னு யாரும் சொல்றதில்லை.

ஒருவரால் முடிந்ததைத்தான் அவருடைய கடமை என்று சொல்லலாம் என்பது காண்ட் பெயரோடு வழங்கும் கொள்கை. தாய்ப்பால் விஷயத்தில் நாம் அதைத் தலைகீழாகப் போடுகிறோம்: இது கடமை, அதுவும் இயற்கையானது, ஆகவே உன்னால் முடியும், முடியலைன்னா நீ முயலவில்லை. 1992 சட்டப்படி பால்பவுடர் டின்னில் தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட வேண்டும். கம்பெனிகளின் விளம்பர ஆசையைக் கட்டிப்போட வந்த நல்ல சட்டம், எனக்கு அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ராத்திரி மூணு மணிக்கு அந்த டின்னைத் திறப்பது கம்பெனிக்காரர் இல்லையே.

டாக்டர் நாக்கைத் தூக்கிப் பார்த்துச் சொன்ன அன்றே வீட்டின் குரல் மாறியது. "நாக்கு ஒட்டியிருந்துச்சாம், பாவம், அவ என்ன பண்ணுவா" என்றார் அத்தை. எல்லோருக்கும் நிம்மதி. என் மனைவி மட்டும் கேட்டாள்: "நாக்கு நல்லா இருந்து, அப்பவும் வராம இருந்திருந்தா?"

அந்தக் கேள்வியை என்னால் விட முடியவில்லை. ஸ்கேனிலோ டாக்டர் விரலிலோ தட்டுப்படும் காரணம் இருந்தால்தான் ஒருத்திக்கு இரக்கம் கிடைக்கும் என்றால், அவளுக்குக் கிடைத்தது இரக்கமே இல்லை, ஜாமீன். காரணம் தெரியாமல் பால் குறைகிறவர்கள் எத்தனையோ பேர். வலி தாங்காமல் நிறுத்துகிறவர்களும் உண்டு. வலியும் ஒரு காரணம்தான். அதற்கு சர்டிபிகேட் தர ஆளில்லை, அவ்வளவுதான்.

சவ்வை வெட்டுவதும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 2017ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஐந்து சோதனைகளையும் 302 குழந்தைகளையும் பார்த்தது. வெட்டியபின் அம்மாவின் வலி குறுகிய காலத்துக்குக் குறைகிறது. குழந்தை நன்றாகக் குடிக்கிறதா என்பதில் ஒரே மாதிரியான பலன் கிடைக்கவில்லை. எங்களுக்கும் அப்படித்தான். வெட்டினோம், வலி குறைந்தது. ராத்திரிக்கு ஒரு பாட்டில் இன்னும் தொடர்கிறது. வருகிறவர்கள் பாட்டிலைப் பார்க்கிறார்கள். நாக்குக் கதையை நாங்கள் சொல்லும்வரை காத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் அவள் சொல்வதில்லை.