பழக்கத்துக்கு எஜமான் நீ!

"இந்தப் பழக்கத்தை என்னால விடவே முடியலை" என்கிறாயா? உன் மூளையைக் கேட்காமல் நீயே எழுதிக்கொண்ட தீர்ப்பு அது!

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களை நினைத்துப் பார். கல்லின் கனத்தில் கடலடிக்கு இறங்குவார்கள். 'மேலே போ, மூச்சு விடு' என்று உடம்பு கதறும். கை பதறாமல் சிப்பி பொறுக்கும். உந்துதலைப் பார்த்து 'பொறு' என்று சொல்வதில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைக்குப் பெரிய பங்கு உண்டு. அதே முன்மூளை உனக்கும் உண்டு!

2012-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் குழு ஒரு சோதனை செய்தது. சாக்லேட் பாலுக்காக ஓடிப் பழகிய எலிகளுக்கு அந்தப் பாலே குமட்டும்படி செய்தார்கள். அப்புறமும் பழக்க தோஷத்தில் அந்தப் பக்கமே ஓடின. முன்மூளையின் சிறு பகுதி ஒன்றை ஒளியால் சில நொடிகள் அணைத்ததும் அந்தப் பக்க ஓட்டம் நின்றது! புரிகிறதா? ஊறிப்போன பழக்கமும் முழுக்கத் தானாக ஓடுவதில்லை. ஒவ்வொரு முறையும் முன்மூளையின் சம்மதம் வாங்கித்தான் ஓடுகிறது.

பழைய வழி மூடினால் புது வழி திறக்கலாம், தூத்துக்குடியைப் பார்! நூற்றாண்டுக் கணக்கில் நடந்த முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. சிப்பிகள் வளரும் கடலடித் திட்டுகளான பார்களில் சிப்பி இல்லை. கரையில் உட்கார்ந்து விதியை நொந்திருக்கலாம். ஆனால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி குழு வழியையே மாற்றியது. உயிருள்ள சிப்பியை லேசாகத் திறந்தார்கள். ஓட்டில் கடைந்த சிறு மணியையும் இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் உள்ளே வைத்தார்கள். திரும்பவும் கடலில் வளர்த்தார்கள். 1973-இல் உருண்டை முத்து கையில் வந்தது! தேடிப் பொறுக்கிய கடலிலேயே விளைவித்து எடுத்தார்கள்.

நீயும் வழியை மாற்று! படுக்கையில் கை செல்போனைத் தேடுகிறதா? அதை அடுத்த அறையில் வை. 'சாப்பிட்டு எழுந்ததும் பத்துப் பக்கம் படிப்பேன்' என்று நேரத்தோடு சேர்த்து முடிவெடு. நன்றாகத் தூங்கு, தூக்கம் கெட்டால் முன்மூளையின் பிடி தளரும். பழைய பழக்கம் அடியோடு அழியாது, இடம் கொடுத்தால் எட்டிப் பார்க்கும். ஒரு நாள் சறுக்கினால் தோல்வி என்று படுத்துவிடாதே. மறுநாளே எழுந்து நில்!

வற்றிப்போன பாரைப் பார்த்து அழுதது போதும். 1961-இல் நின்றுவிடாதே, உன் 1973-ஐ நீயே உண்டாக்கு!